வெயிலில் காய்ந்த பூரம்

“எனக்கு ஏன் பூரம் மட்டும்?” என்று கேட்டார் கொழுந்து.

ஆவுடையம்மை தலை நிமிரவில்லை. முறத்தில் வெண்கடுகைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“நேத்து வந்தவருக்கு வீரம். உங்க அப்பா காலத்துலேருந்து இருக்குத எனக்குப் பூரம். இது என்ன நியாயம்மா?”

“நயினார் நேத்தா வந்தாரு?”

“ஒரு பேச்சுக்குச் சொல்லுதேன்.”

“பேச்சுக்குச் சொன்னா நானும் பேச்சுக்குப் பதில் சொல்லிருவேன். நிசமாக் கேட்டா யோசிச்சுத்தான் சொல்லணும். எது அண்ணாச்சி?”

“நிசமாத்தான் கேக்கேன்.”

“அப்ப யோசிக்கேன்” என்று சொல்லிவிட்டு அம்மை மறுபடியும் கடுகில் குனிந்தார்.

கொழுந்து போய்விட்டார்.

*

திருமலைக்கொழுந்து தம் ஆசிரியையைவிட மூத்தவர். அம்மையின் தந்தையிடம் மருந்து கற்க அவர் வந்த நாளில், இந்த அம்மை பாவாடை தடுக்கி விழும் வயதில் இருந்தார். தந்தை மறைந்த பின் மருந்துச் சாலை மகளுடையதாயிற்று. மாணவர் மாணவராகவே தங்கிவிட்டார். கொழுந்து ஆசிரியையை ‘அம்மா’ என்று அழைத்தார். அம்மை மாணவரை ‘அண்ணாச்சி’ என்று அழைத்தார். அதில் இருவருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

சாலை தென்மலைச் சரிவில், சிற்றாறு பாறைகளுக்கிடையே ஒடுங்கி ஓடும் இடத்தில் இருந்தது. அங்கே பாதரசத்திலிருந்து இரண்டு உப்புகளை ஆக்கினார்கள். இரண்டும் வெள்ளை. இரண்டும் கையில் எடுத்தால் கனக்கும். ஒன்றின் பெயர் வீரம். மற்றொன்றின் பெயர் பூரம்.

வீரம் நீரில் கரையும். கொதிநீரில் இன்னும் மிகுதியாகக் கரையும், சாராயத்திலும் கரையும். கரைந்தபின் ஊற்றுநீரைப் போலத் தெளிந்து நிற்கும். அந்தத் தெளிவை நம்பிக் குடித்தவர் பிழைப்பது அரிது. செம்பில் பட்டால் அதன்மேல் வெள்ளித்தோல் போர்த்தும். கையில் பட்டால் அரிக்கும். நாவில் பட்டால் காசைக் கடித்ததுபோல் கரித்து, பிறகு வேகும்.

பூரம் நீரில் கரையாது. அடியில் போய்ப் படிந்துவிடும். அதற்குச் சுவையில்லை. சாது. சாது என்றால் தீங்கே அறியாதது என்று பொருளில்லை. அளவோடு கொடுத்தால் அளவோடு நடந்துகொள்ளும், அவ்வளவே.

வீரம் கண்ணாடிக் குப்பியில், பூட்டிய மர அலமாரிக்குள் இருந்தது. அலமாரியின் சாவி சங்கரநயினாரின் இடுப்பில் இருந்தது.

கொழுந்தின் நெஞ்சில் உறுத்தியது அந்தச் சாவிதான்.

*

நயினார் நாகர்கோவிலுக்கு அப்பால் ஒரு வைத்தியர் வீட்டிலிருந்து வந்தவர். நாற்பதைத் தாண்டாதவர். தலைமுறை தலைமுறையாக அவர்கள் வீட்டில் வீரம் புழங்கியது. புரையோடிய புண்ணைக் கழுவவும், உத்திரத்தைக் கரையானும் வண்டும் அண்டாமல் காக்கவும் அவர்கள் அதைக் கரைத்துக் கொடுத்தார்கள். அந்தப் பழக்கம் அவர் கைகளில் தெரிந்தது. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, மருந்தரைக்கும் கல்வத்தின் முன் அமர்ந்து, ஒரு துகளும் எழும்பாமல் அரைப்பார்.

கட்டிய துணிக்குள்ளிருந்தும் அவர் பேச்சு ஓயாது.

“அம்மா, இந்த வீரம் இருக்கே, எங்க பெரியத்தை மாதிரி. பாக்க வெள்ளை வெளேர்னு, வாயத் தொறந்தா ஊரே வெந்துரும்.”

ஆவுடையம்மை சிரித்தார். மேலுதடு சற்றே விலகும், அவ்வளவுதான் அந்தச் சிரிப்பு. அதைக் கொழுந்து இத்தனை ஆண்டுகளில் எத்தனை தடவை கண்டிருப்பார்? தம்முடைய சொல்லுக்கு அது ஒரு தடவையேனும் விலகியதாக அவருக்கு நினைவில்லை.

சிரிப்பையாவது பொறுத்துக்கொள்ளலாம். முட்டையைப் பொறுக்க முடியவில்லை.

நயினார் வீரம் அரைக்க அமரும்போதெல்லாம், அம்மை தாமே ஒரு முட்டையை உடைத்து, வெண்கருவைக் கிண்ணத்தில் வடித்து, அவர் வலக்கைப் பக்கம் கொண்டுவந்து வைப்பார். தவறி வாய்க்குள் போய்விட்டால் உடனே விழுங்குவதற்கு. வயிற்றைப் பற்றுவதற்கு முன் வீரம் வெண்கருவைப் பற்றித் திரண்டுவிடும். பிறகு வாந்தியெடுக்கச் செய்தால் ஆள் பிழைக்க வழியுண்டு. காரணம் கொழுந்துக்கு நன்றாகத் தெரியும். அம்மை சுத்த சைவம் என்பதும் தெரியும். முட்டை ஓட்டைத் தொட்ட விரல்களை அவர் சாம்பல் போட்டுத் தேய்ப்பதைக் கொழுந்து ஒவ்வொரு தடவையும் பார்த்தார்.

எனக்காக இந்த அம்மா ஒரு வெண்டைக்காயாவது நறுக்கியதுண்டா?

“என்ன அண்ணாச்சி, கிண்ணத்தையே பாக்குதிய?” என்றார் நயினார். “வேணும்னா எடுத்துக்கிடுங்க.”

“நான் சைவம்வே.”

“பாத்தியளா, அதான் உங்களுக்குப் பூரம்.”

நயினார் விளையாட்டாகத்தான் சொன்னார். அம்மையின் மேலுதடு விலகியது.

கொழுந்து எழுந்து வெளியே போனார். ஆற்றுப் பாறைமேல் நெடுநேரம் நின்றார். மூங்கிற் புதரில் ஒரு கீரி அவரைக் கண்டு நின்றது. அவர் நகரவில்லை என்று கண்டு, தன் வழியே போயிற்று.

திரும்பி வந்து, அம்மையின் முன் நின்று சொன்னார்: “இனிமே நான் பூரத்தத் தொட மாட்டேன்.”

தடுப்பார் என்று எதிர்பார்த்தார். காரணம் கேட்பார் என்றாவது எதிர்பார்த்தார்.

“சரி” என்றார் அம்மை. பிறகு உள்பக்கம் திரும்பி, “நயினாரே, இன்னிலேருந்து பூரமும் நீங்களே பாத்துக்கோங்க” என்றார்.

*

கேட்டது ஒன்று, கிடைத்தது வேறு. வீரம் வரவில்லை. கையில் இருந்த பூரமும் போயிற்று. இரண்டும் இப்போது அந்த ஒருவரிடமே இருந்தன.

கொழுந்துக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவரின் கண் வேலை செய்பவரை விட்டு அகலாது. நயினார் எப்படிக் குனிகிறார், எந்தத் துணியில் வடிகட்டுகிறார், எத்தனை தரம் நீர் மாற்றுகிறார் என்று அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு பிழை கிடைக்காதா என்று பார்த்தார். கிடைக்கவில்லை. அது இன்னும் எரிந்தது.

அந்நேரத்தில் மலைக்குக் கீழேயிருந்து ஒரு பெண் மருந்துக்காக வந்து, சாலையின் பின்கொட்டகையில் தங்கியிருந்தாள். பூக்கட்டி விற்பவள், பெயர் பேராத்துச்செல்வி. காலில் ஆறாத புண். நயினார் வீரநீரால் மேலே கழுவிக்கொண்டிருந்தார். இனி உள்ளுக்கும் கொடுக்க வேண்டும் என்றார் அம்மை. உள்ளுக்குப் பூரம், பனைவெல்லத்தில் பொதிந்து ஓர் உருண்டை. உண்ணும் நாள்களில் உப்புச் சேர்க்கலாகாது. உப்புப் பட்டால் பூரம் தன் சாந்தத்தை இழக்கும்.

நயினார் பூரத்தைக் கழுவினார். வடித்தார். ஈரமான வெண்மாவை ஒரு கல்தட்டில் பரப்பினார். தட்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்து, நல்ல வெயிலில் வைத்தார்.

கொழுந்து தூணருகே நின்றிருந்தார். கண்டார்.

வீரம் வெயிலுக்கு அஞ்சாது. நயினார் வீட்டில் அதை வெயிலில்தான் காயவைப்பார்கள். பூரம் அப்படியன்று. வெயில் பட்டால் அது மெல்ல மெல்லப் பிரியும். அதிலிருக்கும் பாதரசத்தில் ஒரு பாதி தனியே கழன்று, மிக நுண்ணிய கரும்பொடியாக நிற்கும். கழன்ற பின் எஞ்சுவது வீரம். சாதுவின் வயிற்றுக்குள்ளிருந்தே நஞ்சு பிறக்கும். அதனால்தான் கொழுந்து தம் வாழ்நாளெல்லாம் பூரத்தைச் சன்னலில்லாத அறையில், கறுப்புத் துணி போர்த்தி உலர்த்தினார். அறைக்குள் ஏன் போகிறார் என்று அவரை யாரும் கேட்டதில்லை. அவரும் யாருக்கும் சொன்னதில்லை.

நயினார் நிமிர்ந்தார். தூணருகே நின்றவரைக் கண்டு முகம் மலர்ந்தார்.

“நல்லவேளை, நிக்கிய. அண்ணாச்சி, நான் பூரம் கழுவுனது இதான் மொதத்தடவை. காயப்போட்டது சரிதானே?”

வாய்வரை வந்தது. ஒரே சொல்தான். “எடும்வே.” அதைச் சொல்லியிருக்கலாம்.

“உமக்குத் தெரியாததா?” என்றார் கொழுந்து.

“தெரியாமத்தானே கேக்கேன்.”

“சாவி வச்சிருக்கவருக்கு எல்லாம் தெரியும்.”

நயினார் சிரித்தார். அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டார். கேலியை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார். தட்டை வெயில் நன்றாக விழும் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்திவைத்தார்.

*

உச்சிவேளை சாய்ந்தபோது மாவின் மேல்முகம் சாம்பல் பூத்திருந்தது.

“தூசி விழுந்துட்டு” என்று நயினார் தமக்குள் சொல்லிக்கொண்டு, ஒரு குச்சியால் கிளறிவிட்டார். அடியிலிருந்த வெண்மை மேலே வந்தது. அதன்மேலும் வெயில் விழுந்தது.

கொழுந்து உள்ளே போய்ப் பாயில் படுத்தார்.

சாலையில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளுக்குக் கொடுக்கும் மருந்தை யார் செய்தாரோ அவரே, ஆசிரியையின் எதிரில், முதல் உருண்டையை விழுங்க வேண்டும். மறுநாள் வரை அவர் நலமாக இருந்தால்தான் நோயாளிக்குத் தருவார்கள்.

ஆகையால் முதலில் விழுங்கப்போகிறவர் நயினார்.

வாய் கொஞ்சம் வேகும், என்று கொழுந்து கூரையைப் பார்த்துக்கொண்டு நினைத்தார். ஈறு வீங்கும். எச்சில் வடியும். ஒரு வாரம் பேச முடியாது. பெரியத்தை கதையெல்லாம் அதோடு நிற்கும். அம்மாவுக்கும் தெரியவரும், யார் கையில் எதைக் கொடுத்தோம் என்று.

அதற்கு மேலும் நடக்கக்கூடும் என்பதை அவர் அறிவார். ஓர் உயிரைப் போக்க வீரத்தில் எவ்வளவு போதும் என்பது அவருக்கு மனப்பாடம். அந்த நினைவு வந்தபோது அவர் புரண்டு படுத்தார்.

*

அம்மை பலகையில் அமர்ந்திருந்தார். எதிரே பேராத்துச்செல்வி, கட்டுப்போட்ட காலை நீட்டி, சுவரில் சாய்ந்திருந்தாள். கொழுந்தையும் அழைத்திருந்தார்கள். அவர் ஓரமாக நின்றார்.

நயினார் இலையில் உருண்டைகளைக் கொண்டுவந்தார். பனைவெல்லம் கறுப்பு. உள்ளே இருப்பது வெள்ளையா சாம்பலா என்று எவருக்கும் தெரியாது.

செல்வி இலையை எட்டிப் பார்த்தாள். “அம்மா, இது அந்தப் பூட்டுக்குள்ள இருக்க மருந்தா?”

“ஏன், பயமா?”

“அத மேல ஊத்தும்போதே உசிரு போகுது. உள்ள ஊத்துனா என்ன ஆவேன்?”

“அது வேற, இது வேற” என்றார் அம்மை. “அது மரத்துக்கும் தோலுக்கும். அதுல கை பிசகுனா ஒரு தோல் போகும், இன்னொரு தோல் வரும். அதனால அத யார்கிட்டயும் குடுக்கலாம், கவனமா இருந்தாப் போதும். உள்ள போறது அப்படியில்ல. இது அண்ணாச்சி கைவேலை. எங்கப்பா சாகும்போது சொல்லிட்டுப் போனாரு, வாய்க்குள்ள போறத அவர்தவிர யாரும் தொடக்கூடாதுன்னு.”

கொழுந்து நிமிர்ந்து பார்த்தார்.

அம்மை அவரைப் பார்க்கவில்லை. செல்வியிடமே பேசிக்கொண்டிருந்தார். “இப்ப ரெண்டு நாளா அவருக்கு மனசு சரியில்ல. அதான் நயினார் செஞ்சிருக்காரு.”

“ஆனா அண்ணாச்சிகிட்ட கேட்டுத்தான்மா செஞ்சேன்” என்றார் நயினார். ஓர் உருண்டையை விரலிடுக்கில் எடுத்திருந்தார். “கழுவிக் காயப்போடும்போது கூடவே நின்னாரு. சும்மா சொல்லக்கூடாது, பாயில போய்ப் படுக்கிற வரைக்கும் ஒரு கண்ணு இதுலயேதான் இருந்துச்சு.”

“அப்படியா?” என்றார் அம்மை. முதல் தடவையாகக் கொழுந்தின் பக்கம் திரும்பினார். “நீங்க பாத்தீங்களா அண்ணாச்சி?”

“பாத்தேன்” என்றார் கொழுந்து. அது உண்மை.

“அப்ப நீங்க விழுங்க வேண்டாம், நயினாரே. அண்ணாச்சி கண்ணு பாத்த மருந்துக்குச் சோதனை எதுக்கு? ஒரு நாள் வீணாப் போகும், புண்ணு காத்திருக்காது.” அம்மை நயினாரின் விரலிடுக்கிலிருந்த உருண்டையை வாங்கிப் பெண்ணின் பக்கம் நீட்டினார். “இந்தா செல்வி. வாயில போட்டு, தண்ணியக் குடி.”

செல்வி கையை நீட்டினாள். பூக்கட்டும் கை, விரல்நுனிகளில் நாரின் பச்சை ஏறியிருந்தது. உருண்டையை வாங்கினாள். ஆண்டவனை ஒரு தரம் நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

கொழுந்து எப்படி அத்தனை தூரம் வந்தார் என்று அவருக்கே தெரியாது. அவர் கை அவள் கைமேல் விழுந்தது. உருண்டை தெறித்து, தரையில் உருண்டு, சுவரடியில் நின்றது.

செல்வி திறந்த வாயோடு அவரைப் பார்த்தாள்.

“வெயில்ல காஞ்சது” என்றார் கொழுந்து.

*

ஆவுடையம்மை மீதிப் பூரத்தைக் கொண்டுவரச் சொன்னார். சாம்பல் நிறத்தைக் கண்டார். ஒரு பிடியைத் தண்ணீரில் கலக்கி, படியவிட்டு, மேல்நீரைத் தனியே இறுத்தார். துலக்கிய செம்புத்தகடு ஒன்றை அதில் தோய்த்து எடுத்தார்.

தகட்டின்மேல் வெள்ளித்தோல் படர்ந்திருந்தது.

நயினார் தகட்டைப் பார்த்தார். சுவரடியில் கிடந்த உருண்டையைப் பார்த்தார். அதன்பின் கொழுந்தைப் பார்த்தார்.

“நான்ல மொதல்ல விழுங்கியிருப்பேன்” என்றார்.

“ஆமா.”

“தெரிஞ்சேதான் சும்மா இருந்தியளா?”

“தெரிஞ்சேதான்.”

நயினார் வேறொன்றும் கேட்கவில்லை. அவர் வாயில் ஒரு சொல் இல்லாமல் போனதைச் சாலை அன்றுதான் கண்டது. உள்ளே போய், தம் துணிகளை மூட்டையாகக் கட்டினார். கொண்டுவந்து வாசலில் வைத்தார். இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து, அம்மையின் முன் பலகைமேல் வைத்தார்.

“அவர் போக வேண்டாம்மா. நான் போறேன்” என்றார் கொழுந்து.

“எங்க போவீங்க? பூரம் கெட்டுக் கிடக்கு. யார் சரிபண்ணுவா?”

“கொட்டிரலாம்.”

“எங்க கொட்ட? ஆத்துலயா?”

கொழுந்து ஆற்றுப் பக்கம் பார்த்தார்.

அம்மை சாவியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

“வீரம் வேணும்னு கேட்டீங்கல்ல. யோசிச்சிட்டேன். எடுத்துக்கோங்க.”

*

அவர் வாங்கவில்லை. அம்மை நீட்டிய கையை மடக்கவும் இல்லை. கடைசியில் வாங்கினார்.

எத்தனையோ தடவை அந்தப் பூட்டைத் திறப்பதாகக் கொழுந்து கனவு கண்டிருந்தார். கனவில் சாவி இவ்வளவு கனத்ததில்லை. குப்பியை வெளியே எடுத்தார். உள்ளே வெண்ணூசிகள் போன்ற பளிங்குகள். அழகாகத்தான் இருந்தன.

“இத என்ன செய்யணும்?”

“அதுக்கு என்ன குறைச்சலா இருக்கோ, அதக் குடுங்க.”

“வீரத்துக்கு என்னம்மா குறைச்சல்?” என்று சொல்லத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவருக்குத் தெரியும். பூரத்தில் எவ்வளவு பாதரசம் உண்டோ, அதில் பாதிதான் வீரத்தில். மீதிப் பாதியைப் பறிகொடுத்த பூரமே வீரம். பறிகொடுத்ததனால் அது காண்பதையெல்லாம் பற்றும்; செம்பையும், தோலையும், குடலையும். இந்தக் கணக்கை அவர் எத்தனையோ தடவை வாய்ப்பாடாக ஒப்பித்திருந்தார். தாம் சொல்வதைத் தாமே நின்று கேட்டதில்லை.

அவர் பாதரசக் குடுவையை எடுத்துவந்தார். சாம்பலாகிப்போன பூரத்தைக் கல்வத்தில் இட்டார். வீரக் குப்பியைத் திறந்து, கொஞ்சம் தட்டினார். அம்மையைப் பார்த்தார்.

“இன்னும்” என்றார் அம்மை.

இன்னும் தட்டினார்.

“இன்னும்.”

குப்பி காலியாயிற்று. அதன்மேல் பாதரசத்தை ஊற்றினார். அது உருண்டைகளாக ஓடி, ஒன்றையொன்று முட்டி, வெண்மைக்கு நடுவே கண்சிமிட்டிக்கொண்டு கிடந்தது.

இது நயினார் தனியே அரைக்கும் கல்வம் அன்று; பெரியது. குழவி இரண்டு பேர் எதிரெதிராக அமர்ந்து தள்ளும் குழவி.

“ஆள் ஒண்ணு குறையுது” என்றார் அம்மை. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

வாசலில் மூட்டைமேல் அமர்ந்திருந்தவர் நெடுநேரம் கழித்து எழுந்தார். துணியை எடுத்து மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டார். கல்வத்தின் மறுபக்கம் அமர்ந்தார். தம் பக்கத்துப் பிடியைப் பற்றினார்.

அம்மை இரண்டு கிண்ணங்களில் வெண்கரு கொண்டுவந்து வைத்தார். கொழுந்தின் வலக்கைப் பக்கம் ஒன்று. நயினாரின் வலக்கைப் பக்கம் ஒன்று.

“எம்புட்டு நேரம்மா அரைக்கணும்?” என்றார் கொழுந்து.

“பாதரசம் தனியாத் தெரியாம போறவரைக்கும்.”

அரைத்தார்கள். கொழுந்து தள்ளினார், நயினார் தள்ளினார். ஒருவர் தள்ளும்போது மற்றவர் விட்டுக்கொடுக்க வேண்டும். இல்லையேல் குழவி நகராது. முதலில் இருவர் கையும் மோதின. குழவி இடையிலேயே நின்றது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுபடியும் தொடங்கினார்கள். நயினார் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. கொழுந்தோ வேறெதையும் பார்க்கவில்லை. பேச்சு நிற்க வேண்டும் என்று எத்தனை நாள் வேண்டியிருப்பார்? இப்போது அந்த மௌனம் கல்வத்தின் இரைச்சலைவிடப் பெரிதாகக் கேட்டது.

பளபளப்பு மணிமணியாகக் குறைந்தது. பிறகு புள்ளியாகக் குறைந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தும் ஒன்றும் மின்னவில்லை.

அதற்குமேல் அது கொழுந்தின் பழகிய வேலை. சட்டியில் இட்டு, மேலே இன்னொரு சட்டியைக் கவிழ்த்து, மண்பூசிய துணியால் வாயைச் சுற்றி அடைத்து, இளந்தீயில் எரித்தார். ஆறியபின் மேல்சட்டியின் உட்புறம் வெண்பூவாக ஒட்டியிருந்ததைச் சுரண்டினார். வெந்நீர் விட்டுக் கழுவினார். மாற்றி மாற்றிக் கழுவினார். கழுவிய நீரில் செம்புத்தகட்டைத் தோய்த்தார். கறை. மறுபடியும் கழுவினார். செம்பு செம்பாகவே வெளிவரும்வரை ஓயவில்லை. பிறகு சன்னலில்லாத அறையில் கறுப்புத் துணி போர்த்தி உலர்த்தினார். இந்தத் தடவை, எதற்காக என்பதை நயினாருக்குச் சொன்னார்.

நயினார் கேட்டுக்கொண்டார். தலையசைக்கவும் இல்லை.

அவருடைய மூட்டை வாசலில் வைத்த இடத்திலேயே இருந்தது.

*

பேராத்துச்செல்வி சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தாள். போன தடவையைவிடக் கொஞ்சம் தள்ளியே அமர்ந்திருந்தாள்.

“யம்மா, இன்னிக்கு யாராச்சும் மொதல்ல தின்னுருங்க. பெறவு நான் திங்கேன்” என்றாள்.

“அது ஞாயம்” என்றார் அம்மை.

கொழுந்து இலையிலிருந்து ஓர் உருண்டையை எடுத்தார். செய்தவர் அவர். விழுங்க வேண்டியவர் அவர்.

“கொஞ்சம் பொறுங்க” என்று ஒரு குரல் கேட்டது.

நயினார் எழுந்து வந்து எதிரே நின்றார்.

“நீங்க விழுங்குனா, மருந்து நல்லதுன்னு உங்களுக்குத் தெரியும். அதான் ஏற்கெனவே உங்களுக்குத் தெரியுமே.”

கொழுந்து தலை கவிழ்ந்தார்.

“உள்ள என்ன இருக்குன்னு தெரியாதவன் விழுங்குனாத்தான் அது சோதனை” என்றார் நயினார். “இங்க அப்படி ஒருத்தன் நான்தான்.”

கொழுந்து உருண்டையை அவர் உள்ளங்கையில் வைக்கப்போனார். நயினார் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“கையில வேண்டாம், அண்ணாச்சி.”

கொழுந்து அம்மையைப் பார்த்தார். அம்மை முறத்தில் ஏதோ பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“இது எங்க காஞ்சது?” என்றார் நயினார்.

“இருட்டுலவே.”

“அப்ப சரி.”

நயினார் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார்.